நாயை வளவுக்குள் நிறுத்தும் இலத்திரனியல் வேலி: வாங்குமுன் யோசிக்க வேண்டியவை

களஞ்சியசாலை, கோழிப்பண்ணை, தென்னந்தோட்டம், மர ஆலை என்பவற்றை நடத்தும் நமது வர்த்தகர்களிற் பலர் காவலுக்காக நாய் வைத்திருக்கின்றனர். கால்நடை, விவசாயம், வேட்டை ஆகிய தேவைகளுக்கு நாய் வைத்திருக்க மார்க்கத்தில் அனுமதியுண்டு. காவல் தேவையையும் உலமாக்களிற் பலர் இதனோடு சேர்த்தே நோக்குகின்றனர். ஆனால், அந்த நாய் வேலியைத் தாண்டி வீதிக்கு வந்து, சுபஹ் தொழுகைக்குச் செல்பவர்களையும் குர்ஆன் மத்ரஸாவுக்குச் செல்லும் பிள்ளைகளையும் துரத்துமானால் அது காவல் அல்ல. அயலவருக்குச் செய்யும் அநியாயமாகும்.

இதற்குத் தீர்வாகச் சிலர் இலத்திரனியல் நாய் வேலி பற்றி விசாரிக்கின்றனர். மதில் கட்டுவதை விட இது மலிவாக முடியும் என்பது அவர்களது கணக்கு. அந்தக் கணக்கு எப்போது சரி, எப்போது பிழை என்பதைப் பார்ப்போம்.

எவ்வாறு இயங்குகிறது?

அமெரிக்காவில் ரிச்சர்ட் பெக் என்பவர் 1973 இல் இதற்கான ஆக்கவுரிமையைப் பெற்றார். இதில் மூன்று பாகங்கள் உள்ளன. சுவரில் பொருத்தும் ஒலிபரப்புக் கருவி, காணியின் எல்லையோரமாக மண்ணுக்குள் புதைக்கும் வயர், நாயின் கழுத்துப்பட்டி என்பனவே அவை. வயரில் மெல்லிய வானொலிச் சமிக்ஞை ஓடும். நாய் எல்லையை நெருங்கும்போது பட்டி முதலில் "பீப்" என ஒலிக்கும். மேலும் முன்னேறினால் கழுத்தில் சிறு மின்னதிர்வு ஏற்படும்.

யானை வேலியோடு இதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கு வயரைத் தொட்டாலும் அதிர்ச்சி இல்லை. அதிர்வு பட்டியிலிருந்தே வருகிறது. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் பாய்ச்சி வேலி அமைப்பது முற்றிலும் வேறு விடயம். அது சட்டவிரோதமானது, மனித உயிரையும் பறிக்கும்.

செலவைக் கணிக்கும் முறை

வயர் காணியை முழுமையாகச் சுற்றிவந்து மீண்டும் கருவியைச் சேர வேண்டும். 40 பேர்ச்சஸ் சதுரக் காணியொன்றின் சுற்றளவு ஏறத்தாழ 127 மீற்றர். கட்டடத்திலிருந்து எல்லை வரை செல்லும் இரட்டை வயரையும் இதனோடு கூட்டுங்கள். அந்த இரு வயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் அவற்றின் சமிக்ஞை அற்றுப்போகும். நாய் அவ்விடத்தைத் தாராளமாகக் கடக்கலாம். லொறி செல்லும் பாதையில் வயரைக் குழாய்க்குள் இட்டே புதைக்க வேண்டும்.

கொள்வனவோடு செலவு முடிவதில்லை. பட்டியின் பெட்டரியை மாற்ற வேண்டும் அல்லது சார்ஜ் செய்ய வேண்டும். மண்வெட்டி பட்டு வயர் அறுந்தால் தேடிப் பொருத்த வேண்டும். இடி மின்னல் கருவியைப் பழுதாக்கலாம். மின்சாரம் தடைப்பட்டால் வேலியும் இல்லை. 2022 இல் நாளொன்றுக்குப் பல மணித்தியாலம் மின்வெட்டு நிலவியதை நாம் மறந்துவிடவில்லை. ஆகவே மாற்று மின் ஏற்பாடும் கணக்கில் வர வேண்டும். வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் கருவி நமது 230 வோல்ட் மின்சாரத்துக்குப் பொருந்துமா என்பதைப் பார்ப்பதோடு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பற்றியும் முற்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

எதைச் செய்யாது?

இந்த வேலி உங்கள் நாயை மட்டுமே நிறுத்தும். தெருநாய் உள்ளே வருவதையோ, திருடன் நுழைவதையோ, சிறுபிள்ளை தவறி வளவுக்குள் வருவதையோ தடுக்காது. விசர்நாய்க்கடி நோய் உள்ள நமது நாட்டில் இது சிறிய குறைபாடல்ல.

இன்னொரு குறையும் உண்டு. வெறியோடு பாயும் நாய் அதிர்வைப் பொருட்படுத்தாமல் வெளியேறிவிடும். பின்னர் ஆறுதலாகத் திரும்பி வரும்போது அதே அதிர்வுக்குப் பயந்து வெளியிலேயே நின்றுவிடும். வீதியில் ஆட்களைக் காணும்போதெல்லாம் அதிர்வு பெற்ற நாய், அந்த வேதனைக்கு அந்த ஆட்களே காரணம் என எண்ணி அவர்கள் மீது சீறவும் கூடும். எனவே கடிக்கும் சுபாவமுள்ள நாய்க்கு இதனை நம்பவே கூடாது.

பழக்காவிட்டால் பயனில்லை. எல்லையில் சிறு கொடிகளை நட்டு, நாயைக் கயிற்றில் பிடித்தவாறு, ஒலி கேட்டதும் பின்வாங்க ஏறத்தாழ இரு வாரங்கள் தினமும் பழக்க வேண்டும். பட்டியை இரவு பகலாக விட்டுவைத்தால் கழுத்தில் புண் உண்டாகும். வாயற்ற ஜீவனை வதைப்பது பாவம் என்பதை நாம் அறிவோம். பிரித்தானியாவின் வேல்ஸ் பிராந்தியத்தில் 2010 இலேயே மின்னதிர்வுப் பட்டிகள் தடைசெய்யப்பட்டன. பட்டியைக் கழற்றிப் பூட்டும் ஊழியர் நஜீஸ் விடயத்திலும் கவனமாயிருக்க வேண்டும். ஈரமான பட்டி கையிலோ உடையிலோ பட்டால் ஷாபிஈ மத்ஹபின்படி, ஒரு தடவை மண் கலந்த நீராலும் ஆறு தடவை வெறும் நீராலும் கழுவுவது அவசியம்.

சட்டப் பொறுப்பு

நமது நாட்டில் நடைமுறையிலுள்ள ரோமன் டச்சுச் சட்டத்தின்படி, வளர்ப்புப் பிராணி விளைவிக்கும் காயத்துக்கு, உரிமையாளர் பொறுப்பாளியாகலாம். கடிபட்டவர் அத்துமீறி நுழைந்தவராகவோ நாயைச் சீண்டியவராகவோ இருந்தால் நிலைமை மாறலாம். வீதியால் சென்றவரை நாய் கடித்தால், "நான் இலத்திரனியல் வேலி போட்டிருந்தேன்" என்ற பதில் நட்டஈட்டிலிருந்து காப்பாற்றும் என எண்ண வேண்டாம். நாயைப் பதிவுசெய்வதும் விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றுவதும் எந்த வேலியிட்டாலும் தவிர்க்க முடியாத கடமைகள்.

முடிவாக, மதில் அல்லது கம்பிவலை இருந்தும் அதன் கீழ் தோண்டி வெளியேறும் சாதுவான நாய்க்கு, உட்புறமாக இடும் இரண்டாவது காப்பாக இலத்திரனியல் வேலி உதவும். மதிலுக்குப் பதிலாக அதனைப் போடுவது தவறான சிக்கனம். முதலில் படலையைச் சரிசெய்யுங்கள்; வேலியின் அடியில் கல்லும் சீமெந்தும் இடுங்கள்; பகலில் நாயைக் கூட்டில் அடைத்து, வளவு மூடப்பட்ட பின்னர் அவிழ்த்துவிடுங்கள். அனேகருக்கு இதுவே போதுமானதாயிருக்கும். நமது சரக்கைப் பாதுகாக்கும் உரிமை நமக்குண்டு. அயலவர் அச்சமின்றி வீதியால் செல்லும் உரிமை அதற்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல.