பெயரைப் பார்த்துப் படகு வாங்கலாமா?

கடல் இல்லாத ஊரில் கடல் படகு கட்டினார்கள்!

இங்கிலாந்தில் ஔண்டில் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. கடலுக்கும் அதற்கும் வெகு தூரம். அந்த ஊரில்தான் 1963-ல் தொடங்கிய "பேர்லைன்" கம்பெனி உல்லாச மோட்டார் படகுகளைக் கட்டியது. கட்டிய படகுகள் லாரியில் ஏறிக் கடலுக்குப் போயின!

1965-ல் பிளைமவுத் நகரில் "பிரின்சஸ்" பிறந்தது. 1969-ல் பூல் நகரில் பிறந்த கம்பெனி, பின்னர் "சன்சீக்கர்" என்று பெயர் பெற்றது. மூன்றும் உலகப் புகழ் அடைந்தவை.

இவற்றில் எதை வாங்குவது? ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தைப் போடுகிறவருக்கு இது பெரிய கேள்வி.

எந்தக் கடலுக்கு?

ஐரோப்பாவில் விற்கும் உல்லாசப் படகுகளுக்கு ஏ, பி, சி, டி என்று நான்கு தரங்கள் உண்டு. "பி" தரப் படகு 4 மீட்டர் வரை உயரும் அலைக்கு ஏற்றது. "சி" தரம் 2 மீட்டர் அலை வரைதான். "டி" தரம் அமைதியான நீருக்கு மட்டுமே. "ஏ" தரம் பெருங்கடலுக்கு.

ஒரே கம்பெனியின் படகுகளிலும் தரம் மாறும். படகில் பதித்த தகட்டில் தரமும், எத்தனை பேர் ஏறலாம் என்பதும் இருக்கும். மனைவி மக்களுடன் போகிறவர் முதலில் படிக்க வேண்டியது அந்தத் தகட்டைத்தான்.

வேகமா, சிக்கனமா?

சில படகுகள் தண்ணீரின் மேல் எழும்பிப் பறக்கும். டீசலையும் அப்படியே குடிக்கும்! வேறு சில தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மெதுவாகப் போகும். செலவு குறைவு. 1960-களில் ஹாங்காங்கில் கட்டப்பட்ட "கிராண்ட் பேங்க்ஸ்" படகுகள் நிதானத்துக்குப் பெயர் பெற்றவை.

என்ஜின் பெரும்பாலும் வேறு கம்பெனியுடையது. ஸ்வீடனின் வால்வோ பென்டா, ஜெர்மனியின் மான் போன்றவை. அதன் உதிரிபாகம் பக்கத்தில் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும்.

புகழ் காக்குமா?

2015 டிசம்பரில் பேர்லைன் கம்பெனியே நொடித்துப்போனது! வேலையாட்கள் பலர் வேலை இழந்தனர். அடுத்த மாதம் புது முதலாளிகள் அதை வாங்கினார்கள்.

புதுப் படகுக்குத் தவணை தவணையாகப் பணம் கட்டுவது வழக்கம். பாதியில் கம்பெனி விழுந்தால் பணம் என்ன ஆகும்? ஆகவே, தவணை கட்டக் கட்ட, கட்டிய பாகம் வாங்குகிறவருக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

பழைய படகானால், அதைக் கரையேற்றி, விவரம் தெரிந்த சர்வேயரை வைத்து அடிப்பாகத்தைச் சோதிக்க வேண்டும். பிறகு கடலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இதற்கு ஆகும் கூலி வீண் செலவல்ல.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். படகு வாங்குகிறவருக்கும் அது பொருந்தும்!