பல்லில் கிருமி எப்படி ஒட்டுகிறது?

பல் துலக்கியதும் நாக்கால் தடவிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி வழுக்கும். அந்தச் சுத்தம் சில நிமிடம்தான். எச்சிலில் உள்ள புரதங்கள் எனாமல் மேல் படிந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலத்தை விரித்துவிடும். முதலில் வந்து சேரும் பாக்டீரியா பிடித்துக்கொள்வது பல்லை அல்ல, இந்தப் படலத்தை.

எச்சில் ஓயாமல் ஊறும் வாயில் பிடிமானம் இல்லாத கிருமி வயிற்றுக்குள் போக வேண்டியதுதான். ஆக்டினோமைசிஸ் பாக்டீரியாவின் மேல் மயிரிழை போன்ற புரத நீட்சிகள் உண்டு. அவை பற்றுவது, புரோலின் மிகுந்த எச்சில் புரதங்களை. வேடிக்கை என்னவென்றால், அதே புரதம் எச்சிலில் மிதக்கும்போது அதை இவை சீண்டுவதே இல்லை! பல்லில் படிந்ததும் புரதத்தின் வடிவம் சற்று மாறுகிறது. உள்ளே மறைந்திருந்த பகுதி வெளியே தெரிகிறது. அங்கேதான் பிடி. மிதப்பதைப் பிடித்தால் அதோடு தானும் விழுங்கப்படுமே!

சொத்தைக்குப் பேர்போன ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் வேறு ரகம். 1924இல் கிளார்க் என்பவர் அடையாளம் கண்டது. இதன் பி1 புரதத்துக்கு இரண்டு இழைகளை முறுக்கிய கயிறு போல நீண்ட காம்பு. எச்சில் புரதத்தோடு கோத்துக்கொள்ள அது போதும். ஆனால் சர்க்கரை கிடைத்துவிட்டால் இதன் நொதிகள் அதிலிருந்து குளூக்கான் என்ற பசையையே தயாரித்துவிடும். தண்ணீரில் கரையாத பசை; கொப்பளித்தால் போகாது. கடலை மிட்டாயின் வெல்லமும் இதற்குச் சர்க்கரைதான்.