வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் என்னவாகும்?

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் பேருந்து ஒன்று தாடிக்கொம்பை நெருங்குகிறது எனக் கொள்வோம். வேகமானியின் முள் மணிக்கு 72 கிலோமீட்டர் காட்டுகிறது. 30 மீட்டர் தொலைவில் ஒரு சிறுவன் திடீரெனச் சாலையின் குறுக்கே வந்துவிடுகிறான். பேருந்து அவனுக்கு முன்பே நின்றுவிடுமா? விடை காண நம் பாடநூலில் உள்ள இயக்கவியலே போதும்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். குறித்த திசையில் அமைந்த வேகமே திசைவேகம். ஒரு விநாடியில் திசைவேகம் எவ்வளவு மாறுகிறது என்பதே முடுக்கம். வேகமாக ஓடும் பொருளுக்கெல்லாம் முடுக்கம் இருக்கவேண்டும் என்பதில்லை. நேரான சாலையில் 72 கி.மீ. வேகத்தில் சீராக ஓடும் பேருந்தின் முடுக்கம் சுழியே! பிரேக்கை அழுத்தியதும் பயணிகள் முன்னோக்கிச் சாய்கிறார்கள் அல்லவா? அப்போதுதான் திசைவேகம் மாறுகிறது. அது குறைவதால் இதனை எதிர்முடுக்கம் என்கிறோம்.

இனிக் கணக்கிற்கு வருவோம். மணிக்கு 72 கி.மீ. என்பது விநாடிக்கு 20 மீட்டர். சிறுவனைக் கண்டு ஓட்டுநரின் கால் பிரேக்கை அழுத்த ஒரு விநாடி ஆகிறது என்று கொள்வோம். அதற்குள் பேருந்து 20 மீட்டர் ஓடிவிடுகிறது. பிறகு அதன் வேகம் ஒவ்வொரு விநாடியும் 5 மீட்டர் வீதம் குறைகிறது எனில், நிற்க 4 விநாடிகள் ஆகும். முதல் விநாடியில் வேகம் 20-லிருந்து 15-ஆகக் குறைகிறது. சராசரி வேகம் 17.5. எனவே கடக்கும் தூரம் 17.5 மீட்டர். அடுத்தடுத்த விநாடிகளில் 12.5, 7.5, 2.5 மீட்டர். மொத்தம் 40 மீட்டர்.

இந்த நான்கு தூரங்களின் விகிதம் 7:5:3:1. விழும் பொருள் அடுத்தடுத்த விநாடிகளில் கடக்கும் தூரங்கள் 1:3:5:7 என்ற விகிதத்தில் அமையும் என்று கலிலியோ 1638-இல் வெளியான தம் நூலில் விளக்கினார். அதே ஒற்றைப்படை எண்கள் இங்கே தலைகீழாக வருகின்றன!

ஆக, பேருந்து நிற்க மொத்தம் 60 மீட்டர் தேவை. சிறுவனோ 30 மீட்டரில் நிற்கிறான். அவ்விடத்தை அடையும்போது பிரேக் 10 மீட்டர் தூரம்தான் வேலை செய்திருக்கும். வேகத்தின் இருமடி 400-லிருந்து 2×5×10, அதாவது 100 குறைந்து 300 ஆகும். எனவே வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 17.3 மீட்டர், மணிக்கு 62 கி.மீ.! பிரேக்கை அழுத்தியும் பெரிய பயன் இல்லை.

இதே பேருந்து மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வந்திருந்தால்? பிரேக்கை அழுத்துமுன் 10 மீட்டர், அழுத்தியபின் 10 மீட்டர். மொத்தம் 20 மீட்டரில் நின்றிருக்கும், சிறுவன் பிழைத்திருப்பான். வேகம் இருமடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகிறது. மழையில் நனைந்த சாலையில் எதிர்முடுக்கம் பாதியாகக் குறைந்தால், அத்தூரம் மேலும் இருமடங்காகும்.

ஊருக்குள் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகைக்குப் பின்னே இருப்பது இந்தக் கணக்குத்தான். "பிரேக் இருக்கிறதே, நின்றுவிடும்" என்று நம்பிச் சாலையைக் கடக்காதீர்கள்.

மாணவர்களே, மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் வந்தால் அந்தச் சிறுவன் தப்புவானா? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். (விடை: தப்பமாட்டான், பேருந்து நிற்க 37.5 மீட்டர் தேவை.)