வண்டி சூடாகட்டும், வீட்டுக்கு வெளியே!

அடுப்பில் இட்லி வேகிறது, தொட்டிலில் குழந்தை லேசாகச் சிணுங்குகிறது. அந்த நேரம் பார்த்து ரேழியிலிருந்து 'டுர்ர்ர்' என்று மோட்டார் சைக்கிள் சத்தம். "என்னங்க, இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டால், "இரு, இன்ஜின் சூடாகட்டும்" என்று பதில் வரும். அவர் ஷூ போட்டு, டிபன் பாக்ஸை வாங்கி, பேனாவைத் தேடி எடுக்கிற வரைக்கும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள்ளே!

இந்தப் பழக்கம் காரணமில்லாமல் வரவில்லை. ராத்திரி முழுக்க நிற்கிற வண்டியில் ஆயில் அடியில் இறங்கித் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் அது மேலே ஏறிப் பாகங்களை நனைக்கச் சில விநாடிகள் வேண்டும். பழைய கார்பரேட்டர் வண்டிகளில், இன்ஜின் ஜில்லென்று இருந்தால் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால்தான் 'சோக்' போட்டு, பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்து, இன்ஜின் நிதானத்துக்கு வரும்வரை காத்திருந்தார்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு விற்ற வண்டிகளில் பெரும்பாலும் கார்பரேட்டரே கிடையாது. எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று வண்டியே கணக்குப் பார்த்துக்கொள்கிறது.

அப்படியானால் எவ்வளவு நேரம் ஓடவிடலாம்? சென்னை, மதுரை வெயிலுக்கு அரை நிமிஷமே தாராளம். ஊட்டி, கொடைக்கானல் மார்கழிக் குளிருக்கு ஒரு நிமிஷம். பழைய வண்டி என்றால் இன்னும் சற்று. மிச்சச் சூடு ஓடும்போதே ஏறிவிடும், முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டர் மெதுவாகப் போனால் சரி. ஜில்லென்ற இன்ஜினை 'விர் விர்' என்று முறுக்குவதுதான் ரொம்ப மோசம். தேய்மானம் அதில்தான்.

பெட்ரோல் வீணானால் போகட்டும், நமக்குக் கவலை புகையைப் பற்றி. அதில் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயு இருக்கிறது. நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கொடுமை என்னவென்றால், இன்ஜின் சூடாகாத அந்த முதல் நிமிஷங்களில்தான் இது அதிகமாக வரும். புகையைச் சுத்தப்படுத்த சைலன்சரில் வைத்திருக்கும் கருவியும் நன்றாகச் சூடான பிறகே வேலை செய்யும்.

கைக்குழந்தை நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறது. கர்ப்பிணி சுவாசிக்கும் இந்த வாயு வயிற்றிலுள்ள சிசுவையும் போய்ச் சேரும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் "பித்தம்" என்று இஞ்சிச் சாறு குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோமே! வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனதும் தெளிந்தால், புகையைச் சந்தேகப்படுங்கள். எல்லாரையும் நல்ல காற்றுக்கு அழைத்து வாருங்கள். டாக்டரிடம் வண்டிப் புகை விஷயத்தையும் மறக்காமல் சொல்லுங்கள். ஜன்னல்தான் திறந்திருக்கிறதே என்பதெல்லாம் சமாதானம் ஆகாது.

ரேழியோ, மாடிப்படிக்குக் கீழோ, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த் தெருவில் நிறுத்தி, சைலன்சர் வாசலைப் பார்க்காதபடி திருப்பி வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஹெல்மெட்டை மாட்டிக் கொக்கி போடுகிற நேரம் வண்டிக்குப் போதும். நீங்களே ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் என்றாலும் இதே கதைதான். குழந்தை பின்னாலேயே ஓடி வந்தால் யாராவது தூக்கிக்கொள்ளட்டும். சைலன்சர் அதன் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. தப்பித் தவறிச் சுட்டுவிட்டால் குழாயைத் திறந்து 20 நிமிஷம் தண்ணீரில் காட்டுங்கள். இங்க், பற்பசை, மாவு எதுவும் தடவ வேண்டாம்.