காலையில் அதிர்வு, பிற்பகலில் சுனாமி: நடுவே நான்கு மணி நேரம்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 9 மணி வாக்கில் பினாங்கில் அடுக்குமாடி வீடுகளில் இருந்த பலர் லேசான ஆட்டத்தை உணர்ந்தனர். பத்து பெரிங்கி, தெலுக் பஹாங் கரைகளைக் கடல் தாக்கியதோ பிற்பகல் 1 மணிக்குப் பிறகுதான். கெடாவின் கோலா மூடாவும் தப்பவில்லை. நாட்டில் 68 பேர் மாண்டனர்.

சுமத்ரா அருகே ஏற்பட்ட ஒரே நிலநடுக்கம். ஆனால், அதிலிருந்து கிளம்பியவை வெவ்வேறு அலைகள்.

பாறை வழியே முதலில் வந்தது நெட்டலை. நிற்கும் சரக்கு ரயிலை இன்ஜின் இடித்தால், தள்ளல் பெட்டிக்குப் பெட்டி கடந்து போகுமே, அதைப் போன்றது. ஒலியும் இவ்வகைதான். அடுத்து வந்தது குறுக்கலை. துணிக்கொடியை உதறினால் நெளிவு ஓடுவது போல. இரண்டுமே நொடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் பாய்பவை. எனவே ஓரிரு நிமிடங்களில் பினாங்கை எட்டிவிட்டன.

சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர். 10 மீட்டர் ஆழத்தில் வெறும் 36 கிலோமீட்டர். மலாக்கா நீரிணை ஆழமில்லாதது. அதனால்தான் இத்தனை தாமதம்.

ஆழ்கடலில் அதன் உயரம் ஒரு மீட்டர்கூட இராது. ஆனால் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். படகில் இருப்பவருக்கு அது கடந்து போனதே தெரியாது. அங்கு ஓடுவது ஆற்றல்தான். சுமத்ரா நீர் பினாங்குக்கு வந்து சேர்வதில்லை. கரையோரம் அலையின் முன்பகுதி வேகம் குறைய, பின்னால் வருவது நெருக்க, டோல் சாவடி முன் கார்கள் குவிவது போல் நீர் உயர்ந்துவிடுகிறது.

சுமத்ரா குறுக்கே நிற்கிறதே என்று கேட்கலாம். பிளவு வடக்கே அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. தவிர, அலைகள் முனைகளைச் சுற்றி வளையவும் செய்யும்.

நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் பாயும் வானொலி அலைக்கு நான்கு மணி நேரம் தாராளம். ஆனால், இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பே இல்லை. இன்று உண்டு.

அலையின் பள்ளம் முதலில் வந்தால் கடல் உள்வாங்கும். அப்போது மீன் பொறுக்கப் போகாமல் மேட்டுக்கு ஓட வேண்டும். முதல் அலை வடிந்ததும் திரும்பிவிடக் கூடாது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்தும் வரலாம், முன்னதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.