ஒரே தெரு, இரண்டு போர்டு: வரலாறு, இலக்கியக் கட்டுரையில் முழு மதிப்பெண் எங்கே தொலைகிறது?

காரைக்காலில் எங்கள் தெருவில் இரண்டு பிளஸ் 2 பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருத்தி அரசுப் பள்ளி, இன்னொருத்தன் தனியார் பள்ளி. இரண்டு பேருக்கும் வரலாறு உண்டு. சாயங்காலம் ஒரே திண்ணையில் உட்கார்ந்துதான் படிக்கிறார்கள். ஆனால் அவள் நோட்டை இவன் வாங்கிப் படித்தால் பிரயோஜனம் இல்லை. காரணம், அவள் எழுதப்போவது சிபிஎஸ்இ தேர்வு. இவன் எழுதப்போவது தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத் தேர்வு.

நான் படித்த காலத்தில் இந்தக் குழப்பம் பெரிதாகக் கிடையாது. புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் சொந்தமாகத் தேர்வு வாரியம் இல்லாததால், அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, பெரும்பாலும் எல்லாரும் தமிழ்நாட்டு வினாத்தாளைத்தான் எழுதினோம். பிறகு யூனியன் பிரதேச அரசுப் பள்ளிகள் படிப்படியாக சிபிஎஸ்இக்கு மாறின. 2025-ல் அரசுப் பள்ளி மாணவர்கள் முதல்முறையாக 10, பிளஸ் 2 இரண்டிலும் சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுதினார்கள். தனியார் பள்ளிகளில் பெரும்பாலானவை இன்னும் தமிழ்நாடு பாடத்திட்டத்தில்தான் இருக்கின்றன.

பெற்றோர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பிள்ளை நல்லாதான் படிக்குது, பக்கம் பக்கமா எழுதுது, மார்க் மட்டும் ஏன் குறையுது?" கணக்கில் விடை தப்பு என்றால் தப்பு. வரலாறு, இலக்கியக் கட்டுரையில் எழுதியது எல்லாமே சரியாக இருந்தும் மதிப்பெண் போகும். அது எப்படிப் போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எனக்கு விழுந்த சிவப்பு மை

முதலில் என் கதை. பள்ளியில் ஒரு தேர்வில் 1857 கிளர்ச்சி தோல்வியடைந்ததற்கான காரணங்களைக் கேட்டிருந்தார்கள். எனக்கு 1857 தலைகீழ்ப் பாடம். கொழுப்பு தடவிய தோட்டா, மங்கள் பாண்டே, அவகாசியிலிக் கொள்கை, அயோத்தி இணைப்பு என்று ஆறு பக்கம் நிரப்பினேன். பாதி மதிப்பெண்கூட வரவில்லை. விடைத்தாளின் ஓரத்தில் ஆசிரியர் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: "கேள்வி?"

அப்புறம்தான் உறைத்தது. நான் எழுதியது கிளர்ச்சி ஏன் வெடித்தது என்பதற்கான விடை. கேட்டது, ஏன் தோற்றது என்று. பொதுத் திட்டம் இல்லாதது, தெற்கும் பஞ்சாபும் பெரிதாகச் சேராதது, ஆங்கிலேயர் கையில் தந்தி இருந்தது எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அவை கடைசி அரைப் பக்கத்தில் அவசர அவசரமாக இருந்தன.

மதிப்பெண் தொலையும் முதல் இடம் இதுதான். தயாரித்து வைத்த விடையைக் கொட்டுவது. கோச்சிங் நோட்ஸும் கைடும் வளர்த்துவிட்ட பழக்கம் இது என்பது என் கருத்து. தலைப்பைப் பார்த்ததும் கை ஓட ஆரம்பித்துவிடும். கேள்வியின் வினைச்சொல்லைக் கண் பார்ப்பதே இல்லை. 'விவரி' என்றால் நடந்ததைச் சொன்னால் போதும். 'காரணங்களை ஆராய்க' என்றால் எது முக்கியக் காரணம், எது துணைக் காரணம் என்று பிரிக்க வேண்டும். 'மதிப்பிடுக' என்றால் உங்கள் தீர்ப்பு வேண்டும், அதற்குச் சான்றும் வேண்டும்.

கடிகாரம் சொல்லும் கணக்கு

இரண்டு வினாத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிபிஎஸ்இ பிளஸ் 2 வரலாறு எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் 21 கேள்விகள் ஒரு மதிப்பெண், 6 கேள்விகள் 3 மதிப்பெண், 3 கேள்விகள் 8 மதிப்பெண். மூலச்சான்றுப் பத்தி கொடுத்துக் கேட்கும் 4 மதிப்பெண் கேள்விகள் 3. மீதி 5 வரைபடத்துக்கு. எட்டு மதிப்பெண் விடைக்கு 300 முதல் 350 சொற்கள் என்று வினாத்தாளே சொல்லிவிடுகிறது. 180 நிமிடத்தை 80-ஆல் வகுத்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டேகால் நிமிடம். அதாவது ஒரு நெடுவிடைக்கு 18 நிமிடம்.

தமிழ்நாடு பிளஸ் 2 வரலாற்றில் எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண். ஒரு மதிப்பெண் 20, இரண்டு மதிப்பெண் 7, மூன்று மதிப்பெண் 7, ஐந்து மதிப்பெண் 7. இங்கே பெரிய கேள்வியே 5 மதிப்பெண்தான். கைவசம் 10 நிமிடம்.

18 நிமிடத்தில் ஒரு வாதத்தைக் கட்டி எழுப்பலாம். 10 நிமிடத்தில் புள்ளிகளைத்தான் அடுக்க முடியும். அதனால் மாநிலப் பாடத்திட்டத்தில் துணைத் தலைப்பு போட்டு, பாடநூலில் உள்ள செய்திகளை விடைக்குறிப்போடு பொருந்தும்படி எழுதுவதில் எந்தத் தவறும் இல்லை. திருத்துபவர் கையில் ஒரு விடைக்குறிப்பு இருக்கிறது, முன்னால் கட்டுக் கட்டாகத் தாள் இருக்கிறது. உங்கள் நாலாவது புள்ளி மூணாவது பத்திக்குள் ஒளிந்திருந்தால் அவர் தோண்டி எடுப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். சொந்த நடைக்கு இங்கே பெரிய பரிசு கிடையாது. அது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம்.

சிபிஎஸ்இ திருத்தத்திலும் புள்ளிப் பட்டியல் உண்டு. ஆனால் பட்டியலில் இல்லாத பொருத்தமான கருத்தையும் ஏற்கச் சொல்லும் வரி அதன் விடைக்குறிப்புகளில் வழக்கமாக இருக்கும். பழைய முறையில் பழகி அங்கே போன எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். (ஆங்கிலத்தில் படிக்கும் சுமை தனிக் கதை. அதற்கு இன்னொரு கட்டுரை வேண்டும்.)

தகவல் சும்மா நிற்கக் கூடாது

நம்ம ஊர் வரலாற்றிலிருந்தே ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். கேள்வி இது என்று வையுங்கள்: 'காரைக்கால் இந்தியாவுடன் இணைந்ததில் மக்கள் விருப்பத்தின் பங்கை மதிப்பிடுக.'

சராசரி விடை இப்படி இருக்கும்: "காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக்காரர் வசம் வந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. 178 பேர் வாக்களித்தனர். 170 பேர் ஆதரித்தனர், 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1 அன்று இந்தியாவுடன் இணைந்தது."

ஒரு வரிகூடத் தப்பில்லை. ஆனால் எந்த வரியும் கேள்வியைத் தொடவில்லை. இதே தகவலை வைத்து இன்னொருவர் எழுதுகிறார்: "கீழூரில் 170-க்கு 8 என்ற முடிவு, பிரதிநிதிகளிடையே இணைப்புக்கு இருந்த ஆதரவைக் காட்டுகிறது. ஆனால் வாக்களித்த 178 பேரும் சட்டமன்ற, நகராட்சி உறுப்பினர்கள், பொதுமக்கள் அல்லர். 1948-ல் இந்தியாவும் பிரான்ஸும் பேசியது மக்களே முடிவெடுக்கும் பொது வாக்கெடுப்பைப் பற்றி. 1949-ல் சந்திரநாகூரில் அது நடந்தது, இங்கே நடக்கவில்லை. ஆகவே கீழூரை மக்கள் விருப்பத்தின் மறைமுகமான சான்றாகத்தான் கொள்ள முடியும்."

இரண்டாவது விடையில் தேதிகள் குறைவு, மதிப்பெண் கூடுதல். 170, 178 என்ற எண்கள் இங்கே வேலை செய்கின்றன. 'ஆனால்' வந்த இடத்தில்தான் மதிப்பீடு தொடங்குகிறது, கவனித்தீர்களா?

இன்னும் ஒரு படி போகலாம். 1954 மே 7-ல் வியட்நாமில் தியன் பியன் பூ கோட்டை பிரான்ஸ் கையைவிட்டுப் போனது. காலனிகளைக் கட்டிக்காக்கும் தெம்பு பாரிஸுக்குக் குறைந்த ஆண்டு அது. யானாமும் மாஹேயும் அந்தக் கோடைக்குள்ளேயே கைமாறிவிட்டன. இதைச் சேர்த்து, மக்கள் விருப்பம், உள்ளூர்ப் போராட்டம், பிரான்ஸின் பலவீனம் மூன்றில் எது கூடுதல் எடை என்று ஒரு வரியில் தீர்ப்பு சொன்னால், எட்டு மதிப்பெண்ணில் குறைக்க இடம் கண்டுபிடிப்பது கஷ்டம். எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் சரிதான். சொல்லாமல் விட்டால்தான் நஷ்டம்.

அதே கேள்வியில் இன்னொரு பொறியும் உண்டு. நடைமுறையில் கைமாறியது 1954 நவம்பர் 1. சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. 'இணைந்தது' என்று மொட்டையாக எழுதாமல் எந்த அர்த்தத்தில் என்று ஒரு சொல் சேர்ப்பவர், பாடத்தைப் புரிந்து படித்தவர் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

மாங்கனி யார் சொன்னது?

இலக்கியத்துக்கு வருவோம். ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து பக்தர்கள் வீசும் மாம்பழத்துக்குக் கை நீட்டாத காரைக்கால் பிள்ளை இருக்க முடியாது. அதனாலேயே காரைக்கால் அம்மையாரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நாங்கள் எல்லாரும் மாம்பழத்தில் ஆரம்பித்து மாம்பழத்தில் முடிப்போம்.

ஆனால் அந்த மாங்கனி நிகழ்ச்சி அம்மையாரின் பாடல்களில் இல்லை. அதைச் சொன்னவர் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். அவர் 12-ம் நூற்றாண்டுக்காரர், அம்மையாருக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர். அம்மையார் எழுதியவையாக நமக்குக் கிடைப்பவை அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு. அங்கே நமக்குக் கிடைப்பது கணவன், கடை, மாம்பழம் அல்ல. சுடுகாடும், ஆடும் இறைவனும், தன்னையே பேய் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு குரலும்.

'அம்மையாரின் பக்தி நெறி' என்று கேட்டால் அந்தக் குரலைப் பற்றி எழுத வேண்டும். 'சேக்கிழார் காட்டும் அம்மையார்' என்று கேட்டால் மாங்கனி வரலாம், வர வேண்டும். கதையைச் சுருக்கி எழுதுவதும், நூல் எப்படிச் சொல்கிறது என்று எழுதுவதும் வேறு வேறு வேலை. நம் தமிழ்க் கட்டுரைகளில் பாதி முதல் வேலையோடு நின்றுவிடுகின்றன. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகத்தைக் குறை சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்பில் 8 மதிப்பெண் விடைக்கு அது கைகொடுக்கும். சட்டகத்துக்குள் கதைச்சுருக்கத்தைத் திணிப்பதுதான் சிக்கல்.

மேற்கோள் பற்றி ஒரு வார்த்தை. நேரு சொன்னார், விவேகானந்தர் சொன்னார் என்று யாரோ சொன்னதை யார் தலையிலோ கட்டுவதை விட்டுவிடுங்கள். பாடலடி முழுசாக ஞாபகம் இல்லையென்றால் கருத்தை உங்கள் சொற்களில் எழுதி நூலின் பெயரைச் சரியாகச் சொன்னால் போதும்.

செவ்வியலும் வரலாறும் சந்திக்கும் இடம்

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி வழியாக வடக்கே போனால் பூம்புகார். பட்டினப்பாலை அந்தத் துறைமுகத்தில் குவிந்த பண்டங்களைப் பாடுகிறது. வரலாற்றுத் தேர்வில் சங்ககால வணிகம் வந்தால் உடனே அதை எடுத்துப் போடுகிறோம். நல்லது. ஆனால் அது ஒரு புலவன் கரிகாலனைச் சிறப்பித்துப் பாடிய பாட்டு என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். பிறகு பக்கத்தில் வேறு வகைச் சான்று வையுங்கள்: கீழைக்கரைத் துறைமுகங்களைப் பெயர் சொல்லும் பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, இந்தியத் தொல்லியல் துறை கீழையூரில் கண்டெடுத்த செங்கல் படகுத்துறை, பல்லவனேச்சுரத்தில் வெளிப்பட்ட புத்த விகாரை. பாட்டு, பயணக் குறிப்பு, அகழாய்வு மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் உங்கள் வாதம் நிற்கும்.

சிபிஎஸ்இயின் மூலச்சான்றுக் கேள்விகள் சோதிப்பதும் இதைத்தான். பத்தியில் இருக்கும் வரியை அப்படியே காப்பி அடித்தால் சிறு கேள்விக்கு மதிப்பெண் வரும். 2 மதிப்பெண் பகுதியில் 'இவர் யார், யாருக்காக எழுதினார்' என்று யோசித்தால்தான் தேறும்.

பள்ளியைத் தாண்டினாலும் இந்தப் பழக்கம் கூடவே வரும். யுபிஎஸ்சி மெயின் தேர்வில் கட்டுரைத் தாள் 250 மதிப்பெண். 3 மணி நேரத்தில் இரண்டு கட்டுரை. தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுத்தால் 250 வீதம் இரண்டு தாள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்னும் இங்கே இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பாக்கலோரியா தத்துவத் தேர்வு எழுதினால் 4 மணி நேரம் கிடைக்கும். அங்கே கேள்விக்கு ஆம் என்று சொல்லும் பக்கத்தையும் இல்லை என்று சொல்லும் பக்கத்தையும் எடைபோட்டுவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். கீழூர் விடையில் வந்த அந்த 'ஆனால்'தான் இதுவும்.

அந்த 15 நிமிடம்

சிபிஎஸ்இயில் 10.15-க்கு வினாத்தாள் கைக்கு வரும், 10.30-க்குத்தான் எழுதலாம். மாநிலத் தேர்வில் படிக்க 10 நிமிடம். பெரும்பாலானவர்கள் இந்த நேரத்தில் ஒரு மதிப்பெண் விடைகளைத் தேடுகிறார்கள். அது எழுதும்போதே வந்துவிடும். நெடுவிடைக்குப் போங்கள். 'அல்லது' கொடுத்திருந்தால் எது அதிகம் தெரியும் என்று பார்க்காதீர்கள். எதற்கு உங்களிடம் ஒரு முடிவு இருக்கிறது என்று பாருங்கள். வினைச்சொல்லைக் கண்ணால் வட்டமிடுங்கள். எழுத அனுமதித்ததும் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் நாலு சொல் குறியுங்கள்: முடிவு, இரண்டு சான்று, ஓர் 'ஆனால்'. அப்புறம் முதல் வரியிலேயே கேள்விக்கு விடை சொல்லிவிட்டு எழுத ஆரம்பியுங்கள். 16-வது நிமிடத்தில் நிறுத்தி, மீதி இரண்டு நிமிடத்தில் கேள்வியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். குறிப்பு எழுதிய பக்கத்தைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடிக்க மறக்க வேண்டாம்.