வண்டி நின்றால், முதலில் நீங்கள் இறங்குங்கள்!

பிரான்சில் பிள்ளைகளோடு காரில் போகிறீர்கள். நெடுஞ்சாலையில் வண்டி மக்கர் பண்ணுகிறது. "குளிருது, உள்ளேயே இருப்போம்" என்பீர்கள். கூடவே கூடாது! பின்னால் வருகிற வண்டிகளின் வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர்.

ஓரங்கட்டுங்கள், நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். ஒளிரும் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, வலதுபக்கக் கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள். அந்தச் சட்டை டிக்கியில் கிடந்தால் பிரயோஜனமில்லை. கைக்கெட்டும் இடத்தில் இருக்கணும். அங்கே சட்டமே அதுதான். பிறகு சாலையோர ஆரஞ்சு நிறத் தொலைபேசியிலோ, 112-லோ உதவி கேளுங்கள்.

சர்க்கரை நோயாளிகளே! இழுவை வண்டி வரத் தாமதமாகலாம். மருந்து, பிஸ்கட், குளுக்கோஸ், தண்ணீர், கம்பளி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். சர்க்கரை இறங்கி மயக்கம் வரும்போது, சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், சூரணம் உதவாது, குளுக்கோஸ்தான் உதவும்.

வண்டியை அப்புறம் பார்த்துக்கலாம்!